பதிவேட்டு மணிகளும் முதல் முதலாளியும்

வணிக விமானி உரிமம் பெற்ற இளைஞர் முதல் வேலை எங்கே கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும், பெரிய பயணிகள் நிறுவனங்கள் கதவைத் திறக்காதபோது சிறு சரக்கு விமான நிறுவனம் ஒன்றில் சேர்ந்து பறப்பு மணிகளைச் சேர்த்துக்கொண்டால் பிறகு விரும்பிய இடத்துக்கு மாறிவிடலாம் என்றும் ஒரு கருத்து இன்று பரவலாக நிலவுகிறது. பயிற்சி நிலையங்களின் வரவேற்பறைகளிலும், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர்களின் பேச்சிலும் புழங்கும் இக்கருத்து குமுளி போன்ற எல்லை மலையூர்களையும் எட்டியிருக்கிறது. ஏலத்தோட்டத்தின் ஒரு பகுதியை விற்றோ அடகு வைத்தோ பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு, செலவழித்த பணம் எப்படியும் திரும்பும் என்ற ஆறுதலை இது தருவதால் எளிதில் நம்பவும் படுகிறது. ஆயினும் இக்கருத்து தாங்கி நிற்கும் ஊகங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால், அவை வேறொரு நாட்டின் நிலைமையிலிருந்து இரவல் பெறப்பட்டவை என்பதும், அந்நாட்டிலும் அரைகுறையாகவே உண்மை என்பதும் தெரியவரும்.

குமுளிப் பகுதியில் இந்த ஆசைக்கு அண்மையில் ஒரு புதிய ஊக்கம் கிடைத்தது. வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரத்தில் தேசிய மாணவர் படைக்காகக் கேரளப் பொதுப்பணித் துறை அமைத்த 650 மீட்டர் ஓடுபாதையில், முந்தைய முயற்சிகள் கைகூடாமற்போன பின்னர், 2022 டிசம்பர் 1 அன்று வைரஸ் எஸ்டபிள்யூ-80 என்னும் இலகுரகப் பயிற்சி விமானம் முதன்முதலாக இறங்கியது. இடுக்கி மாவட்டத்து மண்ணில் விமானம் ஒன்று இறங்கியதைக் கண்ட பிள்ளைகள் மனத்தில் விமானி ஆகும் எண்ணம் எழுந்திருந்தால் அது இயல்பே. ஆனால் அந்த ஓடுபாதை மாணவர் படையினருக்குப் பறத்தலை அறிமுகப்படுத்துவதற்கானது; வணிக உரிமத்துக்கான பாதை அங்கே தொடங்குவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்று, முதல்நிலை மருத்துவத் தகுதி பெற்று, வழிகாண் கலை, வானிலையியல், விமான ஒழுங்குவிதிகள் முதலிய தேர்வுகளில் தேறி, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையம் ஒன்றில் 200 மணி நேரம் பறந்த பிறகே விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அந்த உரிமத்தை வழங்குகிறது. இதற்கு ஆகும் செலவு பல பத்து இலட்சங்கள். முதல் வேலை பற்றிய தவறான அறிவுரை ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடக் கூடியதாவது இதனால்தான்.

சிறு சரக்கு நிறுவனம் புதியவரை எளிதில் எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையின் ஊற்று அமெரிக்கா. அங்கே ஃபெடெக்ஸ் போன்ற பெருநிறுவனம், நடுத்தர நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்குப் பொதிகளைக் கொண்டுசெல்ல செஸ்னா கேரவன் என்னும் ஒற்றை எஞ்சின் விமானங்களைத் தானே வாங்கி, அவற்றை இயக்கும் பொறுப்பைச் சிறு நிறுவனங்களிடம் ஒப்படைக்கிறது. ஊட்டு வழித்தடங்கள் என்று சொல்லத்தக்க இந்த வலைப்பின்னலில் பறந்து அனுபவம் பெற்றுப் பெரிய ஜெட் விமானங்களுக்குச் சென்ற அமெரிக்க விமானிகள் ஏராளம். ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதன் நடுப்பகுதியை விட்டுவிடுகிறார்கள். கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள்ளும் இரவிலும் அத்தகைய சரக்கு விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்டுவதற்கு அந்நாட்டு விதி 1,200 மணி நேர அனுபவத்தைக் கேட்கிறது. ஆகவே அங்கே உரிமம் பெற்ற இளைஞர் பெரும்பாலும் முதலில் பயிற்றுநராகச் சில ஆண்டுகள் பிறருக்குப் பறக்கக் கற்பித்து, அதன் பின்னரே சரக்கு விமானத்தின் இருக்கையை எட்டுகிறார். சரக்கு நிறுவனம் அங்கே இரண்டாவது வேலை. முதல் வேலை என்று அதை இங்கே விற்பவர்கள் ஒரு படியை மறைத்து விற்கிறார்கள்.

அந்தப் படிகளும் என்றென்றும் நிலைத்திருப்பவை அல்ல. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இயங்கிய ஏர்நெட் நிறுவனம், வங்கிக் காசோலைகளை இரவோடிரவாக ஊர் ஊராகச் சேர்ப்பதையே பெருந்தொழிலாகக் கொண்டு, இளம் விமானிகள் பலருக்கு உண்மையான பயிற்சிக்களமாக விளங்கியது. காசோலையின் மின்னணுப் படிமத்திலிருந்து அச்சிட்ட படி மூலக் காசோலைக்குச் சட்டப்படி ஈடாகும் என்ற சட்டம் 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்ததும், தாளைச் சுமந்து பறக்க வேண்டிய தேவை படிப்படியாக மறைந்தது. ஒரே ஒரு சரக்கை, ஒரே ஒரு வாடிக்கையாளர் வகையை நம்பிய நிறுவனத்தில் சேர்பவர், விமானத்தின் நிலையோடு அந்தச் சரக்கின் எதிர்காலத்தையும் எடைபோட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இனி இந்தியாவைப் பார்க்கலாம். இந்நாட்டின் வணிக விமானச் சேவை பிறந்ததே சரக்கோடுதான் என்பதைச் சரக்கு விமானியை இரண்டாந்தரமாக நோக்குவோர் மறந்துவிடுகின்றனர். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டி வந்த சிறு விமானத்தில் இருந்தவை தபால் மூட்டைகள். அவற்றைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். 1949இல் நாகபுரியை நடுவாக வைத்து, நான்கு பெருநகரங்களின் தபாலை நள்ளிரவில் கைமாற்றிய இரவு வான்தபால் திட்டமும் அந்த மரபின் தொடர்ச்சியே. ஆனால் அந்த மரபு சிறு விமானங்களின் அடர்ந்த வலைப்பின்னலாக வளரவில்லை. பயணிகள் விமானத்தின் அடிவயிற்று அறைகளே இந்நாட்டின் வான்சரக்கில் பெரும்பங்கைச் சுமக்கின்றன. வானில் ஏறாத பொதிகளை நெடுஞ்சாலையில் இரவு லாரிகள் கொண்டுபோகின்றன. குமுளியின் சொந்தச் சரக்கையே எடுத்துக்கொண்டால், புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் போகும் ஏலக்காய் விலையுயர்ந்ததுதான் என்றாலும், உலர்ந்த பண்டமாகையால் ஒரு நாள் தாமதத்தால் கெட்டுவிடுவதில்லை. எனவே அது மூட்டையில் கட்டப்பட்டு மலையிறங்கிச் சாலைவழியே போகிறது. அவசரமும் அழுகலும் இல்லாத இடத்தில் சிறு சரக்கு விமானத்துக்கு வேலை இல்லை.

ஆகவே இந்தியாவில் சரக்கு நிறுவனம் என்று பெயர் பெற்றவை, அளவில் சிறியவையாயினும், ஓட்டுவது பெரும்பாலும் பெரிய ஜெட் விமானங்களையே. சென்னையைத் தளமாகக் கொண்டு 1996 முதல் பறக்கும் புளூ டார்ட் ஏவியேஷன் போயிங் 757, 737 விமானங்களை இயக்குகிறது; பெங்களூரின் குவிக்ஜெட் 2023 ஜனவரியில் அமேசானுக்காகப் போயிங் 737-800 விமானங்களோடு மீண்டும் களமிறங்கியது; 2022இல் தொடங்கிய பிரதான் ஏர் எக்ஸ்பிரஸ் பயணிகள் விமானத்திலிருந்து சரக்கு விமானமாக மாற்றப்பட்ட ஏர்பஸ் ஏ320ஐக் கொண்டுவந்தது. இவற்றுள் எதன் இருக்கையில் அமர்வதற்கும், குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தனித் தகுதி, அதாவது டைப் ரேட்டிங், தேவை. அத்தகுதியைச் சொந்தச் செலவில் பெறுவதானால் மேலும் பல இலட்சங்கள் ஆகும். இதற்கு மாறாக, பெரிய பயணிகள் நிறுவனங்கள் தம் பயிற்சித் திட்டங்களின் வழியே 200 மணி மட்டுமே பறந்தவரையும் நேரடியாக ஏ320 விமானத்தின் வலப்பக்க இருக்கையில், துணை விமானியாக, அமர்த்துகின்றன. அமெரிக்காவில் சரக்கிலிருந்து பயணிகளுக்குச் செல்லும் ஏணி, இங்கே அந்தத் திசையிலேயே இல்லை என்பதுதான் நிலைமை.

இந்தியச் சரக்கு நிறுவனங்களின் ஆயுளும் இந்த இடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஏர் டெக்கானைத் தொடங்கிப் புகழ்பெற்ற கேப்டன் கோபிநாத், நாகபுரியை மையமாக வைத்து 2009இல் தொடங்கிய டெக்கான் 360 நிறுவனம் 2011இல் பறப்பதை நிறுத்தியது. ஐதராபாத்தின் ஃபிளையிங்டன் பெரும் விமானங்களுக்கு ஆணையிட்டுச் செய்தித்தாள்களில் இடம்பிடித்தது. ஆனால் சேவையைத் தொடங்கவே இல்லை. சென்னையிலிருந்து ஃபாக்கர் 50 விமானங்களை ஓட்டிய கிரசென்ட் ஏர் கார்கோவும் நிலைக்கவில்லை. இவற்றை நடத்தியவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்பது இங்கே குற்றச்சாட்டு அன்று. முதலீடு மிகுந்தும் இலாபம் மெலிந்தும் உள்ள தொழிலில் நல்ல நோக்கமும் தோற்கும். ஆனால் நிறுவனம் மூடப்படும்போது, சேர்ந்து ஒன்றரை ஆண்டே ஆன துணை விமானியின் கையில் மிஞ்சுவது, சந்தையில் வேறெவரும் ஓட்டாத விமான வகைக்கான தகுதியும், நிலுவைச் சம்பளமும், பறக்காமல் கழியும் ஒவ்வொரு மாதத்திலும் மங்கிக்கொண்டே போகும் தேர்ச்சியும்தான். எந்த முதலாளியும் ஒன்றே என்று சொல்பவர்கள் இந்த இளைஞருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியவில்லை.

அவர்களது வாதத்தின் உயிர்நாடி மணிக்கணக்கு. பறப்புப் பதிவேட்டில் 1,500 மணி ஏறினால் விமான நிறுவனத் தலைமை விமானிக்கான உயர்நிலை உரிமத்துக்குத் தகுதி வந்துவிடும். அந்த மணிகள் எங்கே, எப்படி, யாருடைய மேற்பார்வையில் சேர்ந்தன என்று பிறகு எவரும் கேட்பதில்லை என்பது அவர்களது நம்பிக்கை. பறக்காமலே பேனாவால் எழுதிச் சேர்த்த மணிகளை, பார்க்கர் என்னும் பேனாவின் பெயரால், பார்க்கர் மணிகள் என்று விமானிகள் கேலியாகச் சொல்லும் வழக்கு, இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டும். 2011இல் இந்தியாவில் போலி மதிப்பெண் பட்டியல்களைக் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் கைதானதும், பறக்காத மணிகளுக்குச் சான்று வழங்கியதாகப் பயிற்சி நிலையங்கள் மீது விசாரணை நடந்ததும், ஆயிரக்கணக்கான உரிமங்களை இயக்குநரகம் மறுபடி சரிபார்க்க நேர்ந்ததும் அக்காலச் செய்திகளைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். எண்ணிக்கை ஒன்றே அளவுகோல் என்று ஒரு தொழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால், எண்ணிக்கையைப் போலியாகச் செய்பவரும் அதே தொழிலில் தோன்றுவார்.

போலி மணிகளை விடுத்து, நேர்மையாகப் பறந்த மணிகளையே எடுத்துக்கொண்டாலும் அவை ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. புறப்படும் முன் விமானத்தில் ஒரு பழுது தென்பட்டால், அதைத் தொழில்நுட்பப் பதிவேட்டில், தொழிலில் உள்ளவர்கள் டெக் லாக் என்று சொல்லும் ஏட்டில், விமானி எழுத வேண்டும். எழுதிய பழுதோடு பறக்கலாமா, சரிசெய்யும்வரை நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதை, எந்தெந்தக் கருவிகள் இயங்காவிட்டாலும் எத்தனை நாள் பறக்கலாம் என்று வரையறுக்கும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் தீர்மானிக்கும். நல்ல நிறுவனத்தில் இந்த ஏட்டில் பழுதுகள் நிறைய இருக்கும். ஏனெனில் எழுதுபவர் தண்டிக்கப்படுவதில்லை. கெட்ட நிறுவனத்தில் ஏடு துப்புரவாக இருக்கும். பழுதுகள் தாய்த்தளத்துக்குத் திரும்பிய பின் வாய்மொழியாகச் சொல்லப்படும், அல்லது சொல்லப்படாமலே போகும். புதிய துணை விமானி முதல் ஓராண்டில் கற்பது விமானத்தை ஓட்டும் கைத்திறன் மட்டுமென்று நினைப்பது பெரும்பிழை. மூத்தவர் தவறான முடிவை எடுக்கும்போது வாய் திறக்கலாமா கூடாதா, எரிபொருள் குறைவென்று சொன்னால் ஏளனம் கிடைக்குமா செவி கிடைக்குமா, வானிலை சரியில்லை என்று திரும்பி வந்தால் மறுநாள் விளக்கக் கடிதம் வருமா என்பவற்றையும் அதே ஓராண்டில்தான் கற்கிறார். கற்றது பழக்கமாகிறது, பழக்கத்தை அடுத்த நிறுவனத்தின் நேர்காணலுக்கு முதல் நாள் கழற்றி வைத்துவிட முடியாது.

சரக்குத் தொழிலுக்கே உரிய இன்னொரு சுமை இரவு. பொதிகள் மாலையில் சேர்ந்து விடியலில் சென்றடைய வேண்டியிருப்பதால், சரக்கு விமானி உடல் உறங்கக் கேட்கும் நேரத்தில் பறக்கிறார். அமெரிக்கா 2014 ஜனவரியில் விமானிகளின் ஓய்வு விதிகளைக் கடுமையாக்கியபோது, செலவைக் காரணம் காட்டிச் சரக்கு நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது. அவ்விதி நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2013 ஆகஸ்ட் 14 அன்று விடியுமுன், யூபிஎஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ300 சரக்கு விமானம் அலபாமாவின் பர்மிங்காமில் இறங்கும்போது விழுந்து நொறுங்கி, அதிலிருந்த இரு விமானிகளும் மாண்டனர். விமானிகளின் களைப்பையும் காரணங்களுள் ஒன்றாக விசாரணை குறிப்பிட்டது. சரக்கு விமானிகளுக்கும் பயணிகள் விமானிகளுக்கும் ஓய்வு விதியில் உள்ள வேறுபாடு பற்றி அவ்விருவரும் பேசிக்கொண்டது விமானி அறை ஒலிப்பதிவில் இருந்தது. இது உலகின் மிக வசதியான, மிக ஒழுங்கான சரக்கு நிறுவனங்களுள் ஒன்றில் நடந்தது என்பதை மனத்தில் கொண்டால், பணி அட்டவணையை வரைய ஒரே ஒரு எழுத்தரும், மாற்று விமானிக்கு ஆளே இல்லாத நிலையும் கொண்ட சிறு நிறுவனத்தில் களைப்பாக இருக்கிறது என்று சொல்வதன் விலை என்னவாக இருக்கும் என்பதை ஊகிக்கலாம். இந்தியாவில் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய விதி 2025இல்தான் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில், நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமே புதிய விதிகளுக்கேற்ப ஆள்பலத்தைத் திட்டமிடாமல் விமானங்களை ஆயிரக்கணக்கில் இரத்துசெய்து, தற்காலிகத் தளர்வையும் பெற்றது. விதி தாளில் இருப்பதும், அதைச் சொல்லிக்காட்டும் துணிவை ஒரு நிறுவனம் தன் கடைநிலை விமானிக்கு அளிப்பதும் வெவ்வேறு.

பிறகு மாறிவிடலாம் என்ற சொற்றொடரும் சட்டத்தின் முன் நிற்பதில்லை. தலைமை விமானி ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தந்தே விலக வேண்டும் என்று இயக்குநரகம் 2017இல் விதித்தது. அறிவிப்புக் காலத்தை முடிக்காமல் விலகிய விமானிகள்மீது ஆகாசா ஏர் 2023இல் வழக்குத் தொடுத்தது பெருஞ்செய்தி ஆயிற்று. இதற்கு மேலாக, டைப் ரேட்டிங் செலவை நிறுவனம் ஏற்றதற்கு ஈடாகக் குறிப்பிட்ட ஆண்டுகள் விலகக் கூடாது என்றும், விலகினால் இத்தனை இலட்சம் கட்ட வேண்டும் என்றும் எழுதி வாங்கும் பாண்டு இருக்கிறது. அறிவிப்புக் காலமும் பாண்டும் தம்மளவில் அநியாயமானவை அல்ல. பயிற்சிக்குச் செலவிட்ட நிறுவனம் அதைக் காத்துக்கொள்ள விரும்புவது இயல்பு. ஆனால் சம்பளம் மூன்று மாதம் நிலுவையில் நிற்கும்போது பாண்டு செல்லுமா, நிறுவனம் விமானத்தைத் தரையில் நிறுத்தினால் ஆண்டுக்கணக்கு ஓடுமா நிற்குமா என்ற கேள்விகளுக்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லாவிட்டால், அங்கே சேர்பவர் அவ்வளவு எளிதில் வெளியேற முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு மறுமொழி எஞ்சும். அது வலுவானது என்பதால் அதைத் தட்டிக்கழிப்பது முறையன்று. கடன் வாங்கிப் படித்தவனுக்குத் தேர்ந்தெடுக்கும் ஆடம்பரம் எங்கே இருக்கிறது, வட்டி காத்திருக்குமா என்பதே அது. கடனின் அழுத்தம் உண்மை. ஆனால் அந்தக் கணக்கைத் தொடர்ந்து போட்டுப் பார்த்தால் விடை எதிர்ப்புறமாக வருகிறது. கடன் உள்ளவருக்குத் தேவை தொடர்ந்து வரும் சம்பளமும், அறுபடாத பறப்பும், கறைபடாத உரிமமும். முதலாளியின் சொல்லுக்கு இணங்கிச் சுமை வரம்பை மீறியோ பழுதை மறைத்தோ பறந்து அகப்பட்டுக்கொண்டால், இயக்குநரகம் இடைநீக்குவது முதலாளியின் உரிமத்தை மட்டுமன்று, விமானியின் உரிமத்தையும்தான். அந்த ஒற்றைத் தாளின் மேல்தான் குடும்பத்தின் கடன் முழுவதும் நிற்கிறது. இழப்பைத் தாங்கும் வசதி உள்ளவர் வேண்டுமானால் முதல் வேலையில் சூதாடலாம். குமுளியின் ஏலத்தோட்டக் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது.

அப்படியானால் வேலையின்றி உட்கார்ந்திருப்பதா என்றால், அதுவும் அறிவுரை அன்று. இந்தியாவில் 200 மணி பறந்தவருக்குப் பெரிய நிறுவனங்களின் தேர்வுகள் தவிர, பயிற்சி நிலையங்களில் உதவிப் பயிற்றுநர் ஆவது என்ற வழியும் உண்டு. பயிற்றுநர் தகுதிக்கு மேலும் பயிற்சியும் தேர்வும் வேண்டும், ஊதியமும் குறைவு என்பதால் பலர் இதைத் தாழ்வாக எண்ணுகின்றனர். ஆனால் பிறர் செய்யும் பிழைகளை நாள்தோறும் திருத்துபவர் தன் பிழைகளையும் கண்டுகொள்கிறார் என்பதைப் பயிற்றுநராக இருந்து உயர்ந்த விமானிகள் ஒப்புக்கொள்வர். சரக்கு நிறுவனமே கிடைத்தாலும், நிறுவனத்தின் இயக்க அனுமதி நடப்பில் உள்ளதா, அதில் எந்தெந்த விமானங்கள் பெயரிடப்பட்டுள்ளன, சரக்கைத் தருபவர் ஒருவரா பலரா, ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்பவற்றைச் சேருமுன் கேட்டறியத் தடையில்லை. கடந்த இரண்டாண்டில் அங்கிருந்து விலகிய துணை விமானிகள் இருவரைத் தேடிப் பிடித்து, சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்றும், கடைசியாக விமானம் பழுதுக்காக நின்றபோது நிர்வாகம் என்ன சொன்னது என்றும் வினவினால், விளம்பரத்தாளில் இல்லாத செய்தி அத்தனையும் வந்துவிடும். வேலைக்கு முன்பணம் கேட்பவரிடம் இந்த விசாரணையும் தேவையில்லை. அவரை அந்த இடத்திலேயே விட்டு நீங்குவது நலம். நீண்டகாலமாக நிலைத்து, பயிற்சியைத் தானே நடத்தி, இரவுப் பணியை விதிப்படி வகுக்கும் சரக்கு நிறுவனம் கிடைத்தால் அதைப் பயணிகள் நிறுவனத்துக்குத் தாழ்ந்ததாகக் கருத ஒரு காரணமும் இல்லை. இக்கட்டுரையின் வழக்கு சரக்கோடு அன்று, தரம் பார்க்காதே என்ற அறிவுரையோடு.

இதில் அரசின் கடமையும் உண்டு. பயிற்சி நிலையங்களைத் தரம்பிரித்து வெளியிடும் முறையை இயக்குநரகம் 2025இல் தொடங்கியது. முதல் பட்டியலில் மேல்தரங்களில் ஒரு நிலையமும் இடம்பெறாதது பலருக்கு அதிர்ச்சி அளித்தாலும், பணம் கட்டும் பெற்றோருக்கு அது பயனுள்ள உண்மை. அதே உண்மை முதல் வேலை தரும் சிறு நிறுவனங்களைப் பற்றியும் தேவைப்படுகிறது. எந்த நிறுவனத்தில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் விலகினர், சம்பள நிலுவை பற்றி எத்தனை முறையீடுகள் வந்தன, பாதுகாப்புத் தணிக்கையில் கண்ட குறைகள் எவை, அவை எப்போது களையப்பட்டன என்பவற்றை இயக்குநரகம் ஆண்டுதோறும், இந்திய மொழிகளிலும், வெளியிட வேண்டும்.